கலிமா ஒன்று, நாடு இரண்டானது ஏன்? பாகிஸ்தானின் அதிகாரப் பங்கீடு சொல்லும் பாடம்

“நாம் அனைவரும் முஸ்லிம்கள். ஒரே இறைவன், ஒரே நபி, ஒரே கிப்லா. இதற்குமேல் மொழி உரிமை, மாநில உரிமை என்று பேசுவது சமுதாயத்தைப் பிளப்பதாகாதா?” நம் மஜ்லிஸ்களில், குறிப்பாக இளைஞர்களிடையே, இக்கேள்வி அவ்வப்போது எழுவதுண்டு. நல்ல நிய்யத்தோடு கேட்கப்படும் கேள்விதான். எனினும் இதனை மார்க்க உரையாடலாக மட்டும் பேசி முடித்துவிட முடியாது. மார்க்கம் ஒன்றாயிருந்தும் அதிகாரம் நீதியாகப் பங்கிடப்படாத ஒரு நாட்டுக்கு என்ன நேர்ந்தது என்பதை நம் பெற்றோர் தலைமுறை கண்ணாரக் கண்டது. 1947-இல் தோன்றி 1971-இல் இரண்டாக உடைந்த பாகிஸ்தானின் வரலாறே அது.

இவ்வரலாற்றை நம்மில் பலர் போரின் கதையாகவே அறிந்திருக்கிறோம். போர் அதன் கடைசி அத்தியாயம் மட்டுமே. அதற்கு முந்திய இருபத்து நான்கு ஆண்டுகளில் நடந்ததெல்லாம் மத்திய அரசுக்கும் மாகாணங்களுக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டின் கதையாகும்.

தீர்மானத்தில் இருந்த வாக்கு

1940 மார்ச் மாதம் இலாகூரில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டில் புகழ்பெற்ற தீர்மானம் முன்மொழியப்பட்டது. அதனை முன்மொழிந்தவர் வங்காளத்தின் பிரதம அமைச்சராயிருந்த ஏ. கே. ஃபஸ்லுல் ஹக். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வடமேற்கு, கிழக்குப் பகுதிகளில் சுதந்திர ‘நாடுகள்’ அமைய வேண்டும் என்று அத்தீர்மானம் பன்மையில் கூறியது. அவற்றில் அடங்கும் அலகுகள் தன்னாட்சியும் இறைமையும் உடையனவாய் இருக்கும் என்றும் அது வாக்களித்தது. 1946 ஏப்ரலில் தில்லியில் கூடிய லீக் சட்டமன்ற உறுப்பினர்களின் மாநாட்டில்தான் பன்மை ஒருமையாயிற்று. ஒரே நாடு என்று கோரிக்கை திருத்தப்பட்டது. அத்திருத்தத் தீர்மானத்தை முன்மொழிந்தவரும் வங்கத் தலைவரான சுஹ்ரவர்தியே. ஆகவே வங்க முஸ்லிம்கள் பாகிஸ்தானுக்குப் புறம்பானவர்கள் என்று எவரும் சொல்ல இயலாது. அந்நாட்டை உருவாக்கியதில் அவர்களுக்கு முதன்மையான பங்கு இருந்தது.

பிறந்த நாட்டின் அமைப்போ உலகில் எங்கும் காணாதது. கிழக்குப் பகுதிக்கும் மேற்குப் பகுதிக்கும் இடையே ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர் இந்திய நிலப்பரப்பு கிடந்தது. மக்கள் தொகையில் பாதிக்கும் மேற்பட்டோர் கிழக்கு வங்காளத்தில் வாழ்ந்தனர். தலைநகரம், படைத்தலைமை, உயர் அதிகாரிகள் ஆகிய அனைத்தும் மேற்கில் இருந்தன. இத்தகைய நாடு நிலைக்க வேண்டுமாயின் அதிகாரத்தை மனம் உவந்து பங்கிடுதல் இன்றியமையாதது. நடந்தது அதற்கு நேர்மாறானது.

பிரிட்டிஷார் விட்டுச்சென்ற கடிவாளம்

இந்தியாவும் பாகிஸ்தானும் தமக்கெனச் சட்டம் வகுக்கும் வரை 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டத்தைத் திருத்தங்களோடு பயன்படுத்தின. அச்சட்டத்தில் மத்தியப் பட்டியல், மாகாணப் பட்டியல், பொதுப் பட்டியல் என்று மூன்று பட்டியல்கள் இருந்தன. ஏட்டளவில் அது கூட்டாட்சியே. ஆயினும் மாகாண அமைச்சரவையை மேலிருந்து அகற்றும் வழியும் அதில் இருந்தது. ஆட்சிக்கு உட்பட்ட மக்களை அடக்கிவைக்க அந்நியர் செய்துகொண்ட ஏற்பாடு அது. அதனைப் புதிய ஆட்சியாளர்கள் அப்படியே கையில் எடுத்துக்கொண்டனர்.

விடுதலை கிடைத்து ஒரு வாரம் கழிந்ததும், 1947 ஆகஸ்ட் 22 அன்று, வடமேற்கு எல்லைப்புற மாகாணத்தில் டாக்டர் கான் சாஹிபின் காங்கிரஸ் அமைச்சரவை நீக்கப்பட்டது. 1948-இல் கராச்சி நகரம் சிந்து மாகாணத்திடமிருந்து பிரிக்கப்பட்டு மத்திய ஆட்சிப் பகுதியாயிற்று. மாகாணங்களுக்குரியதாயிருந்த விற்பனை வரியும் அதே ஆண்டு மத்திய அரசின் கைக்குச் சென்றது. ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லப்பட்டது: நாடு புதியது, எதிரிகள் சூழ்ந்துள்ளனர், அகதிகள் குவிந்துள்ளனர் என்றார்கள். காரணங்கள் பொய்யல்ல. ஆனால் நெருக்கடிக்காக எடுக்கப்பட்ட அதிகாரம் நெருக்கடி தீர்ந்தபின் திருப்பித் தரப்படவில்லை.

மொழியில் விழுந்த முதல் விரிசல்

1948 பிப்ரவரி 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிழக்கு வங்க உறுப்பினர் தீரேந்திரநாத் தத்தா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். சபையில் ஆங்கிலம், உருது ஆகியவற்றோடு வங்க மொழியையும் பயன்படுத்த அனுமதிக்க வேண்டும் என்பதே அது. நாட்டு மக்களில் பாதிக்கும் மேற்பட்டோரின் தாய்மொழி வங்கம். உருதுவைத் தாய்மொழியாகக் கொண்டோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு. பஞ்சாபியருக்கும் சிந்தியருக்கும் பஷ்தூன்களுக்கும் பலூச்சிகளுக்கும்கூட அது தாய்மொழி அன்று. இருந்தும் திருத்தம் நிராகரிக்கப்பட்டது.

அடுத்த மாதம் டாக்கா சென்ற ஜின்னா சாஹிப், மார்ச் 21 அன்று குதிரைப் பந்தயத் திடலில் திரண்ட பெருங்கூட்டத்தில், நாட்டின் அரசு மொழி உருது மட்டுமே என்று அறிவித்தார். மாகாணத்துக்குள் எம்மொழியைப் பயன்படுத்துவது என்பதை மாகாண மக்களே முடிவு செய்துகொள்ளலாம் என்றும் அவர் கூறினார் என்பதை நடுநிலையோடு இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆனால் மத்திய அரசின் வேலைவாய்ப்பும் தேர்வும் நிர்வாகமும் எம்மொழியில் நடக்கும் என்பதே வங்க மாணவர்களின் கவலை. நாட்டின் பெரும்பான்மையோர் தம் சொந்த நாட்டு அலுவலகத்தில் மொழி தெரியாதவர்களாக நிற்க நேரும் என்று அவர்கள் அஞ்சினர்.

1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் தடையை மீறித் திரண்ட மாணவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. மொழிக்காக உயிர் நீத்தவர்களாக வங்க மக்கள் போற்றுவோரின் பெயர்களைப் பாருங்கள்: அபுல் பரக்கத், ரஃபீக்குத்தீன், அப்துல் ஜப்பார், அப்துஸ் ஸலாம். ஒவ்வொன்றும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயர். தாய்மொழியைக் கேட்டதனால் அவர்களுடைய ஈமான் குறைந்துவிட்டதா? உலகத் தாய்மொழி நாளாக யுனெஸ்கோ 1999-இல் அறிவித்தது இந்த நாளைத்தான்.

கலைக்கப்பட்ட அமைச்சரவை

1954 மார்ச் மாதம் கிழக்கு வங்கச் சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. ஃபஸ்லுல் ஹக், சுஹ்ரவர்தி, மௌலானா அப்துல் ஹமீத் கான் பாஷானி ஆகியோர் ஐக்கிய முன்னணியாக நின்றனர். அவர்களுடைய 21 அம்சத் திட்டத்தில் வங்க மொழிக்கு அரசு மொழித் தகுதியும், இலாகூர்த் தீர்மானத்தின்படியான முழுத் தன்னாட்சியும் இடம்பெற்றன. நாட்டை நிறுவிய முஸ்லிம் லீக் அத்தேர்தலில் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களையே பெற்றது. மக்கள் தீர்ப்பு இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

ஏப்ரலில் பதவியேற்ற ஹக் அமைச்சரவை மே மாத இறுதியில் மத்திய அரசால் நீக்கப்பட்டது. ஆளுநர் ஆட்சி வந்தது. இலாகூர்த் தீர்மானத்தை முன்மொழிந்த முதியவரே துரோகி என்று பழிக்கப்பட்டார். உரிமை கேட்பவரைத் துரோகி என்று அழைக்கும் வழக்கம் ஒருமுறை தொடங்கிவிட்டால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று தலைமை ஆளுநர் குலாம் முஹம்மது அரசியல் நிர்ணய சபையையே கலைத்தார். சபைத் தலைவரும் வங்காளியுமான தமீஸுத்தீன் கான் நீதிமன்றம் சென்றார். சிந்து உயர்நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1955 மார்ச்சில் நீதிபதி முஹம்மது முனீரின் தலைமையிலான கூட்டாட்சி நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. மாகாணத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே நடுவராக நிற்க வேண்டிய நீதிமன்றமும் ஒரு பக்கமாய்ச் சாய்ந்தபின், முறையிட வேறு வாசல் இல்லாது போயிற்று.

நான்கை ஒன்றாக்கிய திட்டம்

1955 அக்டோபர் 14 அன்று ‘ஒரே யூனிட்’ திட்டம் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாப், சிந்து, வடமேற்கு எல்லைப்புறம், பலூச்சிஸ்தான், அவற்றை ஒட்டிய சுதேச சமஸ்தானங்கள் அனைத்தும் மேற்குப் பாகிஸ்தான் என்னும் ஒரே மாகாணமாக்கப்பட்டன. கிழக்கு வங்காளம் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர் மாற்றப்பட்டது. பின்னர் 1956 மார்ச் 23 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, இரு பகுதிகளுக்கும் சம எண்ணிக்கையில் இடங்களை வழங்கியது.

சமம் என்பது காதுக்கு இனிய சொல்தான். ஆனால் பாதிக்கும் மேலான மக்களுக்குப் பாதி இடம் என்பது அவர்களுடைய பெரும்பான்மையைப் பறிப்பதாகும். சுஹ்ரவர்தி போன்ற வங்கத் தலைவர்கள் சிலர் இதற்கு உடன்பட்டனர். வங்க மொழிக்கு அரசு மொழித் தகுதி கிடைத்ததை ஈடாகக் கருதினர். இழப்பு கிழக்கோடு நிற்கவில்லை. சிந்துவில் இத்திட்டத்தை எதிர்த்த முதலமைச்சர் பீர்சாதா அப்துஸ் ஸத்தார் பதவி நீக்கப்பட்ட பிறகே சட்டமன்ற ஒப்புதல் பெறப்பட்டது. சிந்தியரும் பஷ்தூன்களும் பலூச்சிகளும் தங்கள் மாகாணத்தின் பெயரையே இழந்தனர்.

இதே ஆண்டுகளில் இந்தியாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். 1953-இல் ஆந்திரம் தனி மாநிலமாயிற்று. 1956 நவம்பர் 1 அன்று மொழி அடிப்படையில் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டன. இன்றைய தமிழகத்தின் எல்லை பெரும்பாலும் அன்று அமைந்ததே. மொழிவாரி மாநிலம் நாட்டை உடைத்துவிடும் என்று அன்று அஞ்சியோர் பலர். மத்திய, மாநில அதிகாரப் பூசல் இந்தியாவில் இன்றும் ஓயவில்லை என்பது உண்மை. ஆயினும் மொழிகளுக்கு எல்லை வகுத்துக் கொடுத்த நாடு உடையவில்லை. எல்லைகளை அழித்து ஒன்றாக்கிய நாடு பதினாறு ஆண்டுகளில் உடைந்தது.

சணல் விளைந்த மண்ணின் கேள்வி

பாகிஸ்தானின் ஏற்றுமதியில் முதன்மையானது கிழக்கில் விளைந்த சணல். அது ஈட்டித் தந்த அந்நியச் செலாவணியைப் பங்கிடும் அதிகாரம் மேற்கிலிருந்த மத்திய அரசிடம் இருந்தது. தொழிற்சாலைகளும் அணைகளும் பெருமளவில் மேற்கில் எழுந்தன. அரசின் கணக்குகளின்படியே, 1959-60-இல் மேற்கின் தனிநபர் வருமானம் கிழக்கைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு மிகுதி. 1969-70-இல் அவ்வேறுபாடு ஏறத்தாழ 60 விழுக்காடாக வளர்ந்திருந்தது. 1958-இல் இராணுவ ஆட்சி வந்தபின், ஜெனரல் அய்யூப் கானின் காலத்தில், இதனைக் கேட்க மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த சபையும் இல்லாதிருந்தது. படையதிகாரிகளில் வங்காளியர் மிகச் சிறு தொகையினரே. ஆகவே இராணுவ ஆட்சி என்பது கிழக்கைப் பொறுத்தவரை மேற்கின் ஆட்சியாகவே அமைந்தது.

தேவ்பந்தில் கல்வி பயின்ற மௌலானா பாஷானி 1957 பிப்ரவரியில் காக்மாரி என்னும் ஊரில் கூட்டிய மாநாட்டில் ஓர் எச்சரிக்கை விடுத்தார். இந்நிலை தொடருமாயின் கிழக்கு மக்கள் மேற்குக்கு ‘அஸ்ஸலாமு அலைக்கும்’ சொல்லிவிடுவார்கள் என்றார். சந்திக்கும்போதும் பிரியும்போதும் நாம் சொல்லும் ஸலாத்தை அவர் விடைபெறும் பொருளில் ஆண்டார். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

ஆறு அம்சங்கள்

1966 பிப்ரவரியில், அதே இலாகூரில், அவாமி லீகின் ஷேக் முஜீபுர் ரஹ்மான் ஆறு அம்சங்களை வெளியிட்டார். இலாகூர்த் தீர்மானத்தின் அடிப்படையில் கூட்டாட்சியும் நாடாளுமன்ற முறையும் வேண்டும். மத்திய அரசிடம் பாதுகாப்பும் வெளியுறவும் மட்டும் இருக்க வேண்டும். தனி நாணயம், அல்லது கிழக்கின் மூலதனம் வெளியேறாதவாறு பாதுகாப்பு வேண்டும். வரி விதிக்கும் அதிகாரம் அலகுகளுக்கு வேண்டும். அந்நியச் செலாவணிக்குத் தனித்தனிக் கணக்கு வேண்டும். கிழக்குக்கெனத் துணைப்படை வேண்டும். இவையே அவை. இவற்றை மிகையென்று வாதிடுவோர் உண்டு. மத்திய அரசுக்கு வரி விதிக்கும் உரிமையே இல்லையெனில் அது எவ்வாறு இயங்கும் என்ற கேள்வியும் நியாயமானதே. ஆனால் அது மேசையில் அமர்ந்து பேசித் தீர்க்க வேண்டிய கேள்வி. பதிலாகக் கிடைத்தது சிறையும் அகர்தலா சதி வழக்கும். 1954-இல் கேட்டதைக் கொடுத்திருந்தால் 1966-இல் இவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள் என்றே கருத வேண்டியுள்ளது.

மக்கள் எழுச்சியால் அய்யூப் கான் விலகினார். அடுத்து வந்த ஜெனரல் யஹ்யா கான் ஒரே யூனிட்டைக் கலைத்து, மக்கள்தொகை அடிப்படையில் தேர்தலை அறிவித்தார். 1970 நவம்பரில் கிழக்கின் கடற்கரையைத் தாக்கிய பெரும்புயலில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. நிவாரணம் தாமதமாயிற்று, தொலைவிலுள்ள அரசு தமதல்ல என்ற எண்ணம் மக்கள் நெஞ்சில் உறுதிப்பட்டது. டிசம்பர் 7 அன்று நடந்த தேர்தலிலும் அதன் தொடர்ச்சியிலும் கிழக்கின் 162 பொது இடங்களில் 160-ஐ அவாமி லீக் வென்றது. மகளிர் இடங்களையும் சேர்த்து, 313 இடங்கள் கொண்ட சபையில் 167 இடங்களுடன் அறுதிப் பெரும்பான்மை பெற்றது. மேற்கில் பூட்டோவின் மக்கள் கட்சி முதலிடம் பெற்றது. கிழக்கில் வென்ற கட்சிக்கு மேற்கில் ஓர் இடமும் இல்லை. மேற்கில் வென்ற கட்சிக்குக் கிழக்கில் ஓர் இடமும் இல்லை.

மார்ச் 3 அன்று டாக்காவில் கூட வேண்டிய சபை, மார்ச் 1 அன்று ஒத்திவைக்கப்பட்டது. மார்ச் 25 இரவு இராணுவ நடவடிக்கை தொடங்கியது. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் அகதிகளாய் இந்தியாவுக்கு வந்தனர். மாண்டோரின் தொகை குறித்து இன்றளவும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. தொழுகையாளிகள் தொழுகையாளிகளைக் கொன்றனர் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. கிழக்கில் வாழ்ந்த உருது பேசும் முஸ்லிம்களும் பழிவாங்கப்பட்டனர்; அவர்களின் வழித்தோன்றல்கள் டாக்காவின் முகாம்களில் இன்னும் வாழ்கின்றனர். டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்தது. அந்த இடம், 1948-இல் உருது மட்டுமே என்று அறிவிக்கப்பட்ட அதே பந்தயத் திடல்.

எஞ்சிய நாடு கற்றுக்கொண்டது

1973-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, மாகாணங்கள் சம உறுப்பினர்களோடு அமரும் செனட் சபையை ஏற்படுத்தியது. ஆயினும் பழைய வழக்கம் உடனே போகவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் பலூச்சிஸ்தானின் மாகாண அரசு நீக்கப்பட்டது. அதனைக் கண்டித்து எல்லைப்புற மாகாண முதலமைச்சர் பதவியைத் துறந்தவர் ஓர் ஆலிம்: ஜம்இய்யத்துல் உலமாயே இஸ்லாமின் தலைவர் மௌலானா முஃப்தி மஹ்மூத். தம் பதவிக்கு ஆபத்து வராதபோதும் அண்டை மாகாணத்தின் உரிமைக்காக அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவருடைய அரசியலில் உடன்படாதோரும் இச்செயலை மதிக்க வேண்டும்.

2010-இல் நிறைவேறிய 18-ஆவது திருத்தம் பொதுப் பட்டியலையே நீக்கி அதிலிருந்த துறைகளில் பெரும்பாலானவற்றை மாகாணங்களுக்கு அளித்தது. எல்லைப்புற மாகாணம் தன் மக்களின் பெயரால் கைபர் பக்தூன்க்வா ஆயிற்று. ஏழாவது நிதிப் பங்கீடு, பகிரப்படும் வரியில் மாகாணங்களின் பங்கை 57.5 விழுக்காடாக உயர்த்தியது. மக்கள்தொகையோடு வறுமையும் அளவுகோலாயிற்று. பலூச்சிஸ்தானின் குறைகள் இன்னும் தீரவில்லை. எனினும் 1954-இல் துரோகம் எனப்பட்ட கோரிக்கைகள் பல, 2010-இல் நாடாளுமன்றமே ஒருமனதாக ஏற்கும் அளவுக்கு இயல்பாயின. இடையில் ஒரு நாடு பாதியாயிற்று.

நம் முன்னோர் காட்டிய வழி

கூட்டாட்சி என்பது இக்காலச் சொல். அதனை நம் ஆரம்பகால வரலாற்றின் மீது வலிந்து ஏற்றுவது முறையன்று. ஆயினும் அதன் அடியில் இருக்கும் நீதி நமக்குப் புதியதன்று. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களை யமனுக்கு அனுப்பியபோது, அங்குள்ள செல்வந்தரிடமிருந்து ஜகாத்தைப் பெற்று அங்குள்ள ஏழைகளுக்கே திருப்பித் தர வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் முஆத் (ரலி) அவர்கள் ஜகாத்தில் ஒரு பகுதியை மதீனாவுக்கு அனுப்பியபோது கலீஃபா மகிழவில்லை, மாறாக ஆட்சேபித்தார்கள் என்று அபூ உபைத் (ரஹ்) தம் கிதாபுல் அம்வாலில் பதிவு செய்துள்ளார்கள். இங்கு பெற்றுக்கொள்ள ஏழைகள் எவரும் இல்லை என்று முஆத் (ரலி) விளக்கிய பின்னரே ஏற்றார்கள். தலைநகருக்குப் பணம் வருவதைக் கண்டு, விளைந்த மண்ணின் ஏழைகளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்ட ஆட்சியாளர் அவர்.

அப்பாசியக் கலீஃபா, இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவை எல்லா நகரங்களுக்கும் ஒரே சட்டமாக்க விரும்பியபோது, இமாமவர்களே அதனை மறுத்த செய்தியை மதரஸா மாணவர் அனைவரும் அறிவர். ஒவ்வோர் ஊராரும் தம்மிடம் வந்த ஸஹாபாக்களிடமிருந்து பெற்ற அறிவின் வழி நடக்கின்றனர். அவர்களை அதன்மேல் விட்டுவிடுங்கள் என்பதே அவர்களின் நிலைப்பாடு. தம் நூலுக்கே கிடைக்கவிருந்த அரசின் ஆதரவை அவர்கள் வேண்டாம் என்றார்கள்.

மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளில் ஒன்றாக அர்ரூம் அத்தியாயம் எண்ணுகிறது. அத்தாட்சியை அழித்து ஒற்றுமையைக் கட்ட முடியாது. ஒரே ஸஃப்பில் நிற்பதற்கு ஒரே மொழி பேச வேண்டியதில்லை. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நம் பிள்ளைகள், அதன்மீது கொண்ட பற்றினால் தம் தீனில் குறைந்துவிட்டதாக ஒருபோதும் எண்ண வேண்டாம்.

ஆட்சி என்பது அமானிதம். அதில் ஒரு பகுதி தலைநகரிலும் ஒரு பகுதி மாநிலத்திலும் ஒரு பகுதி ஊரிலும் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. உரியதை உரியவரிடம் சேர்க்காதவர் எத்தனை உயர்ந்த கொடியை ஏந்தினாலும் அமானிதத்துக்கு மாறு செய்தவரே. ஆகவே இனி ஒருவர், முஸ்லிம்களுக்குள் பிரதேச உரிமை எதற்கு என்று கேட்டால், அவரிடம் 1954-இல் துரோகி என்று பழிக்கப்பட்ட அந்த முதியவரின் கதையைச் சொல்லுங்கள். நாட்டைப் பிரித்தது அவருடைய கோரிக்கையா, அதைக் கேட்க மறுத்த செவியா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

வல்லாஹு அஃலம்.